சொல்லுக்கு ஒரு பேரேடு: ஆங்கிலச் சொல்வளத்தை ஆழமாக வளர்க்க முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வங்கித் தேர்வுக்கும் உயர்படிப்புக்கும் தயாராகிற பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். எல்லோர் பையிலும் ஒரு நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. ‘ரிலக்டன்ட்’ என்றால் தயக்கம், ‘அபன்டன்ட்’ என்றால் ஏராளம் என்று கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கிறார்கள். அதே சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நோட்டின் அமைப்பே கோளாறு. ஒரு சொல்லுக்கு ஒரு வரி ஒதுக்கினால் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வரிதான் தெரியும். அது எந்தச் சொற்களோடு சேரும், புகழ்வதற்கு உரியதா பழிப்பதற்கு உரியதா, கடிதத்தில் வருமா பேச்சில் வருமா, எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த வரியில் அடங்காது. கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார், கடன் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் வைத்தார்கள். பற்று, வரவு, வட்டி, நிலுவை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் ஆங்கில நோட்டையும் அப்படிப் பேரேடாக மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். அடிப்படை ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்து, அதற்குமேல் நகர முடியாமல் நிற்பவர்களுக்கு உரியது இது.

முதல் படி: நிற்கும் இடத்தை அறிதல்

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றன என்று கேட்டு மலைக்க வேண்டாம். வங்காளத்தில் ஆசிரியப் பணி செய்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். ஆங்கிலத்தில் நாம் படிக்கும் எதிலும் பெரும்பகுதி இந்தச் சொற்களே. அதற்கு அடுத்த அடுக்கை நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தார். கல்விசார்ந்த எழுத்தில் துறை வேறுபாடின்றித் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் உள்ளன. பாடநூல், ஆய்வுக்கட்டுரை போன்றவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இந்த 570-ஏ நிரப்பிவிடுகிறது. சொற்குடும்பம் என்றால் ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிக்கல்’ போல ஒரே சொல்லின் கிளைகள் அனைத்தும் சேர்ந்தது. நாளிதழையும் நாவலையும் பிறர் துணையின்றி வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்பது பால் நேஷன் 2006-இல் செய்த கணக்கு.

உங்கள் நிலையை அறிய எளிய வழி உண்டு. ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றில் நூறு சொற்களை எண்ணி, தெரியாதவற்றின்கீழ்க் கோடு போடுங்கள். ஐந்துக்கு மேல் கோடு விழுந்தால் அந்த எழுத்து இப்போதைக்கு உங்களுக்குக் கடினம். செய்திப் பக்கத்துக்கோ எளிய கதைக்கோ போங்கள். மூன்று முதல் ஐந்து வரை என்றால் சொல் சேர்க்க அதுவே சரியான இடம். ஒன்றிரண்டுதான் என்றால் அதை இன்பமாக வாசியுங்கள். புதுச் சொல்லுக்கு இன்னும் கனமான பக்கத்தைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: அகராதியைத் தேர்ந்தெடுத்தல்

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மேன், கோபில்டு மூன்றில் எதுவானாலும் சரி. லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டுமே வைத்து மற்ற எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் தருகிறது. கோபில்டு ஒவ்வொரு சொல்லையும் முழு வாக்கியமாகவே விளக்குகிறது. இவற்றில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களே முக்கியம். கைப்பேசியில் இலவசமாகவும் பார்க்கலாம்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியை ஒதுக்கச் சொல்லவில்லை. அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றைக்கும் துணை நிற்கும். முதலில் ஆங்கில விளக்கத்தை வாசியுங்கள், எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள், பிறகு தமிழ்ப் பொருளை நீங்களே ஊகித்து எழுதுங்கள், கடைசியாகத் தமிழ் அகராதியைத் திறந்து சரிபாருங்கள். இந்த வரிசை மாறினால் மனம் தமிழ்ப் பொருளோடு திருப்தியடைந்துவிடும். அதற்குமேல் எடுத்துக்காட்டுகளை ஒருவரும் படிப்பதில்லை.

மூன்றாம் படி: தெரிந்த துறையிலிருந்து தொடங்குதல்

சந்தையில் விற்கும் சொல் பட்டியல்கள் அகரவரிசையில் தொடங்கும். ‘அபேட்’, ‘அப்டிகேட்’, ‘அபெரன்ட்’ என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் முதல் பக்கத்திலேயே வந்து ஒன்றோடொன்று குழம்பும். நான் அதை ஏற்பதில்லை. தமிழில் உங்களுக்கு ஆழமாகத் தெரிந்த துறை எதுவோ அதில் தொடங்குங்கள்.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கல்வாங்கல் புதிதா? முதல், வட்டி, ஈடு, அடமானம், பிணை, தவணை, நிலுவை, ஐந்தொகை என்ற சொற்களைப் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டே வளர்ந்தவர்கள். இவற்றுக்கு இணையான ஆங்கிலச் சொற்கள் மேல்மட்டச் சொற்கள் என்று கருதப்படுபவை. ஆனால் கருத்து ஏற்கெனவே கையில் இருப்பதால் சொல் மட்டும்தான் புதிது. ஈடு என்பது ‘கொலேட்டரல்’. தவணை தவறுவது ‘டீஃபால்ட்’. கடனை அடைக்கும் நிலையில் இருப்பவர் ‘சால்வன்ட்’. நிலுவை ‘அரியர்ஸ்’. இந்தக் கடைசிச் சொல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் நன்றாகவே தெரியும். தேறாமல் நிற்கும் தாளும் கட்டாமல் நிற்கும் வட்டியும் நம் ஊர் ஆங்கிலத்தில் ஒரே பெயரில்தான் வழங்குகின்றன.

ஆங்கிலம் தன் அன்றாடப் பேச்சுக்கும் கணக்குப்பிள்ளையின் சொற்களை ஏராளமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘இன்ட்ரெஸ்ட்’ என்பது வட்டி, ஆர்வம், ஒரு விஷயத்தில் ஒருவருக்குள்ள பங்கு அல்லது ஆதாயம். மூன்றாவது பொருளைப் பிடித்துக்கொண்டால் ‘வெஸ்டட் இன்ட்ரெஸ்ட்’, ‘கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’ இரண்டும் தெளிவாகும். ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’ என்ற சொல்லும் அப்போதுதான் பிடிபடும். வழக்கில் தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத நடுவர்தான் ‘டிஸ்இன்ட்ரெஸ்டெட்’. வழக்கைக் கேட்கவே விருப்பமின்றிக் கொட்டாவி விடுபவர் ‘அன்இன்ட்ரெஸ்டெட்’. இரண்டாமவரிடம் பஞ்சாயத்துக்குப் போக யாரும் விரும்பமாட்டோம்.

‘அவுட்ஸ்டாண்டிங்’ என்பதையும் பாருங்கள். மாணவருக்கு அடைமொழியாக வந்தால் சிறந்தவர் என்று பொருள். தொகைக்கு முன்னால் வந்தால் இன்னும் கட்டாத நிலுவை. ‘அக்கவுன்ட்’ என்ற ஒரே சொல் எத்தனை தொடர்களைத் தருகிறது! ‘டேக் இன்டு அக்கவுன்ட்’ என்றால் கணக்கில் எடுத்துக்கொள்ளுதல். ‘அக்கவுன்ட் ஃபார்’ என்றால் காரணம் காட்டுதல். ‘ஆன் அக்கவுன்ட் ஆஃப்’ என்றால் அதன் காரணமாக. ‘பை ஆல் அக்கவுன்ட்ஸ்’ என்றால் எல்லோரும் சொல்வதை வைத்துப் பார்த்தால். ‘ஹோல்ட் டு அக்கவுன்ட்’ என்றால் பொறுப்பேற்கவைத்தல். புதுச் சொல் ஒன்றுகூடக் கற்காமல், தெரிந்த சொல்லிலிருந்தே ஐந்து உயர்நிலைத் தொடர்கள் கிடைத்துவிட்டன. சொல்வளம் என்பதில் இதற்கும் சரிபாதி இடம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேளாண்மை தெரிந்தவர் மண், நீர், விளைச்சலில் தொடங்கலாம். சமையல் தெரிந்தவருக்கு வறுப்பது, வதக்குவது, தாளிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வினைகள் இருக்கின்றன என்று தேடவே ஒரு மாதம் போதாது.

நான்காம் படி: பக்கத்தை எழுதுதல்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. பொறுமையாக வாசியுங்கள்.

நீளமான நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு சொல்லுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். ‘ரிடீம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பக்கத்தை நிரப்பிப் பார்ப்போம்.

தலைப்பில் சொல்லை எழுதி, அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். இங்கே இரண்டாம் அசையில். தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நாம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ முதல் அசையில் அழுத்தினால் பெயர், இரண்டாவதில் அழுத்தினால் வினை. அகராதியில் ஒலியைக் கேட்டு, மூன்று முறை வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த வரிக்குப் போங்கள்.

அடுத்து, சொல் கண்ணில்பட்ட வாக்கியத்தை அப்படியே எழுதி, எங்கே வாசித்தீர்கள் என்பதையும் குறியுங்கள். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆற்றிய உரையின் தொடக்கத்திலேயே ‘ரிடீம் அவர் ப்ளெட்ஜ்’ என்ற தொடர் வருகிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவர்தான். நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரின் வாக்கியம் என்றால் மனத்தில் நிற்கும்.

பிறகு பொருள்கள். ‘ப்ளெட்ஜ்’ என்றால் அடகுப் பொருள், உறுதிமொழி இரண்டும்தான். அடகு வைத்த நகையைத் திருப்புவது ‘ரிடீம்’. கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும் ‘ரிடீம்’. நேருவின் தொடருக்குப் பின்னால் அடகுக்கடைப் படிமம் இருக்கிறது: ஒருகாலத்தில் கொடுத்து வைத்ததை இப்போது மீட்கிறோம். பரிசுக் கூப்பனைக் கொடுத்துப் பொருள் வாங்குவதற்கும் இதே வினை. கெட்ட பெயர் எடுத்தவர் நல்ல செயலால் மதிப்பை மீட்டால் ‘ரிடீம் ஹிம்செல்ஃப்’. கிறித்தவ மரபில் பாவத்திலிருந்து மீட்பவர் ‘ரிடீமர்’.

அதன்கீழ்ச் சொற்குடும்பம்: ‘ரிடெம்ப்ஷன்’ பெயர்ச்சொல், ‘ரிடீமபிள்’ மீட்கத்தக்கது, ‘இர்ரிடீமபிள்’ மீட்கவே முடியாதது. பக்கத்தில் வேர்: லத்தீனில் திரும்ப என்ற முன்னொட்டும் வாங்குதல் என்ற வினையும் சேர்ந்தது. திரும்ப வாங்குதல் என்று தெரிந்தால் மேலே எழுதிய பொருள் அத்தனையும் ஒரே கொத்தாக நிற்கும்.

இனிக் கூட்டாளிகள்: ‘ரிடீமிங் ஃபீச்சர்’ என்றால் மற்றபடி குறையுள்ள ஒன்றில் இருக்கும் ஒரே நல்ல அம்சம். ‘பியாண்ட் ரிடெம்ப்ஷன்’ என்றால் கைமீறிப் போனது. இவை முழுமையாக, ஒரே மூச்சில் மனத்தில் பதிய வேண்டும்.

கடைசியில் உங்கள் சொந்த வாக்கியங்கள், இரண்டு. ஒன்று உண்மை நிகழ்வாக இருக்கட்டும்: அம்மா தீபாவளிக்கு முன் சங்கிலியைத் திருப்பியது. மற்றொன்று கருத்தாக இருக்கட்டும்: பாழடைந்த அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே அழகு அதன் தேக்குக் கதவுதான் என்பதை ‘ரிடீமிங் ஃபீச்சர்’ வைத்து எழுதலாம். சொந்த வாக்கியம் எழுதாத பக்கத்தை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. பக்கத்தின் அடியில் நான்கு விரற்கடை வெற்றிடம் விடுங்கள். பின்னர் எங்காவது அதே சொல்லைக் கண்டால் தேதியோடு அங்கே சேர்க்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். நாளுக்கு நான்கு சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் வாரத்துக்கு இருபது, ஐம்பது வாரத்தில் ஆயிரம். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று விளம்பரம் செய்பவர்களோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரியலாம். ஆனால் இந்த ஆயிரமும் உங்கள் எழுத்தில் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: கூட்டாளிச் சொற்களைக் கவனித்தல்

ஒரு சொல்லை அதனோடு சேரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்றார் ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. தமிழில் கனவைக் காண்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்ற வினையோடுதான் கனவு சேரும். மாத்திரையைச் சாப்பிடுகிறோம், அங்கே ‘டேக்’. தவறு செய்கிறோம்; அங்கே ‘டூ’ வராது, ‘மேக்’ வர வேண்டும். மழைக்கு ‘ஹெவி’, தேநீருக்கும் காற்றுக்கும் ‘ஸ்ட்ராங்’. கடன் வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’. வங்கித் தேர்வு எழுதப் போகிறவர் இந்த இரண்டையும் மாற்றிப் போடலாகாது.

முன்னிடைச் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. ‘கோப்’ என்பதோடு ‘அப்’ சேராது, ‘வித்’ மட்டும்தான். இதற்கெல்லாம் விதி தேடினால் கிடைக்காது. தொடராகவே எழுதித் தொடராகவே மனப்பாடம் செய்ய வேண்டும். ஆகவே பேரேட்டில் பெயர்ச்சொல்லை எழுதும்போது அதனோடு வரும் வினையையும், வினையை எழுதும்போது அதைத் தொடரும் முன்னிடைச் சொல்லையும் விடாமல் எழுதுங்கள்.

ஆறாம் படி: தொனியை எடைபோடுதல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குச்சட்டி, கல்லாப்பெட்டி, ரவிவர்மா படம், வீட்டை இடித்தபோது எடுத்த தேக்குத் தூண் என்று வாசல்வரை அடைந்திருக்கும். பிள்ளைகளிடம் நான் கொடுக்கும் பயிற்சி இது: கையில் நோட்டோடு அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து, ‘ஓல்ட்’ என்ற சொல்லை ஓரிடத்தில்கூடப் பயன்படுத்தாமல் பழமையை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

முயன்றால் தெரியும், பழைய என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வாசல்கள் என்று. பழமையாலேயே விலை ஏறிய கல்லாப்பெட்டி ‘ஆன்டீக்’. நூறாண்டு கண்ட அந்தப் பெட்டியை ‘ஏன்ஷியன்ட்’ என்று சொல்வது பொருந்தாது. அது பிள்ளையார்பட்டிக் குடைவரைக்குப் பொருந்தும். தந்தி இயந்திரம் ‘ஆப்சலீட்’. இன்னும் வேலை செய்யக்கூடும், ஆனால் 2013-இல் இந்தியாவில் தந்திச் சேவையே நின்றுவிட்டதால் அதற்கு வேலை இல்லை. கடைக்காரர் காட்டும் பத்திரத்தில் இருக்கும் வழக்கிறந்த சொற்கள் ‘ஆர்கேயிக்’. பின்னால் தெரியும் கூரை சரிந்த வீடு ‘டிலாபிடேட்டட்’. இந்தச் சொல் கட்டடத்துக்கும் வண்டி வாகனத்துக்கும் வரும், மனிதருக்கு வராது. காலத்துக்கு ஒவ்வாத அலுவலக நடைமுறையைக் குறைசொல்ல ‘ஆன்டிகுவேட்டட்’. ‘க்வெயின்ட்’ என்றால் பழமையால் வரும் விசித்திர அழகு. வெளியூர்ப் பயணிகள் நம் வீடுகளை அடிக்கடி அப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டில் சற்று உயரத்திலிருந்து பார்க்கும் பார்வை கலந்திருப்பதையும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆயிரம் சன்னல் வைத்து எழுப்பிய மாளிகைக்கு அந்தச் சொல் போதாது என்பது என் எண்ணம். கம்பீரத்துக்கு ‘இம்போசிங்’, செல்வச் செழிப்புக்கு ‘ஆப்யுலன்ட்’ என்று சொல்லட்டும்.

சிக்கனத்துக்கு இங்கே இருக்கும் மரியாதை ஊரறிந்தது. அதையும் ஒரு வரிசையாக்குங்கள். ‘த்ரிஃப்டி’ புகழ்ச்சி. ‘ஃப்ரூகல்’ பெரும்பாலும் மதிப்புள்ள சொல். எளிய உணவுக்கும் எளிய வாழ்வுக்கும் வரும். ‘ஸ்டிஞ்ஜி’ பேச்சுவழக்கில் திட்டு. ‘மைசர்லி’ பழிப்பு, இன்னும் கடுமையானது. ‘பார்சிமோனியஸ்’ படித்தவர் எழுத்தில் வரும் பழிப்பு. தாத்தாவின் சிக்கனத்தைப் போற்றி எழுதும் கட்டுரையில் ஐந்தாவதைப் போட்டால், அகராதிப் பொருள் ஏறக்குறையச் சரியாக இருந்தும், தாத்தாவை அவமதித்ததாகிவிடும். பேரேட்டின் ஓரத்தில் கூட்டல் குறி, கழித்தல் குறி, நடுநிலைக்கு ஒரு வட்டம் என்று ஏதேனும் ஒன்றைத் தவறாமல் இடுங்கள்.

ஏழாம் படி: வேரைப் பயன்படுத்துதல்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் ஆட்சிமொழியாக பிரெஞ்சும், கல்விமொழியாக லத்தீனும் ஆங்கிலத்தின்மேல் அடுக்கடுக்காகப் படிந்தன. அதனால்தான் கேட்பதற்கு ‘ஆஸ்க்’, ‘க்வெஸ்சன்’, ‘இன்டெராகேட்’ என்று மூன்று சொற்கள். முதலாவது வீட்டுச் சொல், இரண்டாவது சற்று முறையானது, மூன்றாவது காவல் நிலையத்தில் வருவது. உயர்நிலைச் சொற்களில் மிகப் பல லத்தீனிலிருந்து வந்தவை என்பதால், சில வேர்களைக் கற்றாலே கைநிறையச் சொற்கள் கிடைக்கும்.

‘க்ரெட்’ என்ற வேருக்கு நம்புதல் என்று பொருள். ‘க்ரெடிட்’ என்பது நம்பிக்கையின்பேரில் கொடுப்பது. பணத்துக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘க்ரெடிபிள்’ நம்பத்தக்கது. ‘க்ரெடுலஸ்’ எதையும் நம்பிவிடுபவர். ‘இன்க்ரெடுலஸ்’ நம்ப மறுப்பவர். ‘இன்க்ரெடிபிள்’ நம்பமுடியாத செய்தி. ‘டிஸ்க்ரெடிட்’ நம்பகத்தைக் குலைத்தல். ‘க்ரெடென்ஷியல்ஸ்’ நம்புவதற்கு ஆதாரமான சான்றுகள். மனிதருக்கு வருவது எது, செய்திக்கு வருவது எது என்று பிரித்து எழுதினால் தேர்வில் தடுமாற்றம் இராது.

வேரை மட்டும் நம்பிப் பொருள் சொல்லக்கூடாது. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரம்தான். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அது இணையான இரண்டு அடிப்பகுதிகள் கொண்ட படகு. வேரால் ஊகியுங்கள், அகராதியால் உறுதிசெய்யுங்கள்.

எட்டாம் படி: திரும்பப் பார்த்தல்

கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதினார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் மறதி மெதுவாகும். கற்ற மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், மாதக் கடைசி என்று ஐந்து முறை பாருங்கள். பார்ப்பது என்றால் பக்கத்தைப் படிப்பதல்ல. தமிழ்க் குறிப்பை மட்டும் பார்த்து ஆங்கிலச் சொல்லையும் அதன் கூட்டாளிகளையும் நினைவிலிருந்து எழுதிவிட்டு, பிறகு பக்கத்தைத் திறந்து ஒத்துப்பார்ப்பது. படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும். எழுதினால்தான் உண்மை தெரியும்.

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறையும் நல்லது. ஐந்து அறை கொண்ட பெட்டி, சொல்லுக்கு ஓர் அட்டை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். கைப்பேசியில் ‘ஆங்கி’ என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது. பஸ் பயணத்தில் செயலி, வீட்டில் பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: எழுத்திலும் பேச்சிலும் புழங்குதல்

ஆத்தங்குடிக்குப் போய், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் உலோக அச்சை வைக்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சாந்தை ஊற்றுகிறார்கள். அச்சை நேராகத் தூக்குகிறார்கள், நிறங்கள் கலப்பதில்லை. மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, ஈரக்கலவை பூசி அழுத்துகிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைக்கிறார்கள். கடைசியில் கண்ணாடியை விலக்கினால் பளபளப்பு தெரிகிறது.

இதை வெளிநாட்டுப் பயணி ஒருவருக்கு விளக்குவதாக எண்ணி எட்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அச்சுக்கு ‘மோல்ட்’, சிக்கலான நுண்வேலைக்கு ‘இன்ட்ரிகேட்’, பளபளப்புக்கு ‘லஸ்டர்’, சாந்து இறுகுவதற்கு ‘செட்’, ஊறவைத்துப் பதப்படுத்துவதற்கு ‘க்யூர்’. நோயைக் குணப்படுத்துவதற்கு மட்டும் இந்தக் கடைசிச் சொல்லை அறிந்திருந்தவர், சிமென்ட்டுக்கும் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சிக்கும் அது வருவதை இங்கே கற்றுக்கொள்கிறார். செயல்களை வரிசையாகச் சொல்வதால் செயப்பாட்டு வினையும் தானாகப் பழகிவிடும். கானாடுகாத்தான் பக்கம் பயணிகள் நடமாட்டம் உண்டு; வாய்ப்புக் கிடைத்தால் எழுதியதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். கூச்சம் வேண்டாம்.

எழுதும்போது ஒரு பத்திக்குப் புதுச் சொல் இரண்டு போதும். பாரத ஸ்டேட் வங்கியின் அதிகாரி பதவிக்கான முதன்மைத் தேர்வில் விரிவாக எழுதும் பகுதி இருக்கிறது; அதில் வரிக்கு ஒரு கனத்த சொல்லைத் திணிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’, ‘பிகின்’ போதுமான இடத்தில் ‘கமென்ஸ்’. திருத்துபவர் மயங்கமாட்டார். எளிய சொல் சரியாகப் பொருந்தினால் எளியதையே எழுதுங்கள். துல்லியம் கூடினால் மட்டும் உயர்ந்த சொல்லுக்குப் போங்கள்.

எழுதிய வாக்கியம் சரிதானா என்ற ஐயம் வந்தால், அகராதியின் எடுத்துக்காட்டுகளில் அதே அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் வேறு விதமாக எழுதுங்கள். பேரேட்டில் சேர்த்து ஆறு மாதமாகியும் வாசிப்பில் ஒருமுறைகூட எதிர்ப்படாத சொல் இருந்தால், குறுக்கே ஒரு கோடு போட்டு அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அதற்குச் செலவிடும் கால் மணி நேரம் வேறு சொல்லுக்குப் போகட்டும்.